ஐசியூவில் தொற்றுத் தடுப்பை மதிப்பிடுவது எப்படி? முதல் தடவை செய்பவர்களுக்கு

ஐசியூ, டயாலிசிஸ், காசநோய்த் தனியறை மாதிரி இடங்களில் பாதுகாப்பு முறைகள் சரியாக நடக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னால், புதிதாக வருபவர்கள் நேராகப் போய்க் கோப்பைத்தான் கேட்கிறார்கள். கோப்பு அப்புறம். முதலில் கைகளைப் பாருங்கள்.

படி 1: ஒரு ஓரமாக 20 நிமிடம் நில்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் கை சுத்தத்துக்கு ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடுமுன், சுத்தமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு முன், ரத்தமோ சிறுநீரோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். தருணம் வரும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள், கையைச் சுத்தம் செய்தால் பக்கத்தில் ஒரு டிக். 40 கோட்டுக்கு 26 டிக் என்றால் 65 சதவீதம். கிளவுஸ் போட்டிருப்பது கணக்கில் வராது! சிறுநீர்ப் பையைக் காலி செய்த அதே கிளவுஸோடு மானிட்டர் பட்டனைத் தட்டுவதைக் கோலாலம்பூரில் நான் வேலை செய்த வார்டிலேயே பார்த்திருக்கிறேன், கேட்டால் "கிளவுஸ்தான் போட்டிருக்கேனே மிஸ்ஸி" என்பார்கள் (அங்கே தாதியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்).

படி 2: பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டி. முக்கால் பாகம் நிறைந்ததுமே மூடி மாற்றியிருக்க வேண்டும். அதற்குமேல் திணித்தால் குத்து வாங்குவது பெரும்பாலும் ஊசி போட்டவர் இல்லை, பெட்டியைத் தூக்கும் துப்புரவு ஆன்ட்டிதான். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை, எச்ஐவிக்கு அது சுமார் 0.3தான். அதனால் தடுப்பூசி போட்டாயிற்றா என்று டாக்டர், தாதியரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

படி 3: காசநோய்த் தனியறையின் கதவை மூடிவிட்டு, கீழே உள்ள இடுக்கில் ஒரு டிஷ்யூ துண்டைப் பிடியுங்கள். உள்பக்கமாக இழுத்தால் சரி. வெளியே தள்ளினால் அறைக் காற்று நடைபாதைக்கு வருகிறது, உடனே பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

படி 4: கவசங்களைக் கழற்றும்போது பாருங்கள், போடும்போது எல்லாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். என்95 முகக்கவசம் கடைசியாக, அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் கழற்றப்பட வேண்டும்.

படி 5: கண்டதை அதே ஷிப்டில் அவர்களிடமே காட்டுங்கள், யார் பெயரையும் எழுதாமல். நான் தாளை விரித்து வைத்தபோதுதான் ஒரு தாதி சொன்னார், நான்காம் ஐந்தாம் கட்டில்களுக்கு நடுவே ஹேண்ட்ரப் (கையில் தேய்த்துச் சுத்தம் செய்யும் திரவம்) பாட்டிலே கிடையாது என்று.