மலைப் பாதைக்கு இரட்டைச் சைலன்சரா?

"அண்ணே, டபுள் சைலன்சர் அடிச்சுக் குடுங்க, வண்டி நல்லா இழுக்கும்." ஹட்டனில் என் கராஜுக்கு வரும் பசங்க இப்படிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். அந்த வயதில் நானும் இதையேதான் செய்தேன். இதில் நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நாலு சிலிண்டருக்கு இரண்டு குழாய்

என்னுடையது 1,500 சிசி கார். சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்த்து வெளியே விடும் மெனிஃபோல்டுக்குக் கீழிருந்தே, ஆளுக்கொரு சைலன்சரோடு 2 அங்குலப் புகைக் குழாய் இரண்டை இழுத்துப் பொருத்தினேன். டவுனில் ஓட்டும்போது சத்தம் கம்பீரமாக இருந்தது. அடுத்த ஞாயிறு நாலு பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் புறப்பட்டேன். இறம்பொடை வளைவுகளில் இரண்டாம் கியரில் வண்டி திணறியது. முதல் கியருக்கு இறக்கி, அரைக் கிளட்சில் பிடித்துப் பிடித்து ஏற்றினேன். கருகிய வாடை உள்ளே வந்ததும் பின்சீட்டில் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கிளட்ச் பிளேட் போய்விட்டது. அதை மாற்ற ஒரு செலவு, பழையபடி ஒற்றைக் குழாய் போட இன்னொரு செலவு.

காரணம் இதுதான். சிலிண்டரிலிருந்து வேகமாகப் பாயும் புகை தனக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைத்து, மிச்சப் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு குழாய் போட்டால் பரப்பு இரட்டிப்பாகி அந்த வேகம் விழும். தோட்டத்தில் கான் வெட்டியவர்களுக்கு இது புரியும்: தண்ணீர் அதே அளவுதான், கானை மட்டும் அகலமாக்கினால் ஓட்டம் தளர்ந்து மண் தங்கிவிடும். ஏற்றத்தில் நமக்கு வேண்டியது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே வரும் இழுவை. முதலில் போவதும் அதுதான். போதாததற்கு, 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத எஞ்சின் அங்கே ஏற்கெனவே அந்த அளவு பலம் இழந்துதான் ஏறுகிறது.

வி6, வி8 எஞ்சின்களில் சிலிண்டர்கள் இரண்டு வரிசை, வரிசைக்கு ஒரு மெனிஃபோல்ட். அங்கே இரட்டைக் குழாய்க்கு வேலை இருக்கிறது. நம் சின்னக் கார்களில் இருப்பது ஒரே மெனிஃபோல்ட். அழகுக்குத்தான் ஆசையென்றால் பின் சைலன்சருக்குப் பிறகு மட்டும் இரண்டு வாய் வையுங்கள். இழுவை பெரிதாகக் கெடாது.

சத்தத்தைப் பவர் என்று நம்புவது

காது சொல்வதை நம்பாதீர்கள், ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள்.

கேட்டலிட்டிக் கன்வெர்டரைக் கழற்றுவது

புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் பாகம் அது. கழற்றவே வேண்டாம். புகைப் பரிசோதனையில் மாட்டுவீர்கள்.

துருவை மறப்பது

ஒரு லீட்டர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாக வரும். நம் குளிரில், கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது சைலன்சருக்குள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். இரண்டு குழாய் என்றால் சூடேற இன்னும் நேரமாகும், அரிப்பும் இரண்டு இடத்தில்.

மூட்டுக் கசிவு

இரட்டைக் குழாயில் வெல்டிங் மூட்டுகள் அதிகம். குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும் ஊர் இது. கசியும் கார்பன் மொனொக்சைட்டுக்கு வாடையே கிடையாது, ஆளையே கொல்லும். காலையில் எஞ்சின் சூடாகும் முன், திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, ஒருவரைக் குனிந்து கேட்கச் சொல்லுங்கள். மூட்டைச் சுற்றிக் கறுப்புக் கரி படிந்திருந்தாலோ 'டிக் டிக்' என்று சத்தம் வந்தாலோ, பிள்ளைகளை ஏற்றாமல் நேராகக் கராஜுக்குக் கொண்டு வாருங்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு.