அப்பா விட்டுச்சென்ற நிலத்தை விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரியம் முடிந்த கையோடு அட்வான்ஸுடன் ஆள் வந்து நிற்பார். பங்கு யார் யாருக்கு எவ்வளவு என்று தெரியும் முன் அதை வாங்கிக் கிரய ஒப்பந்தம் போடுவதுதான் பெரிய தவறு. வாரிசு ஒருவர் கையெழுத்திட மறுத்தால், ஒப்பந்தம் போட்டவர்தான் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும்.

மனைவி, பிள்ளைகள் பெயரோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. பென்னாகரம் பக்கம் ஒருவர் தானே சம்பாதித்து வாங்கிய 3 ஏக்கரை விட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, மகன், மகள், விதவைத் தாய்: ஆளுக்கு 75 சென்ட். அடுத்து பாட்டியும் உயில் இல்லாமல் இறந்தால், அவருடைய 75 சென்ட் முழுவதும் பேரப்பிள்ளைகளுக்கு வராது. இரண்டு அத்தைகள் இருந்தால் ஆளுக்கு 25 சென்ட். மிச்ச 25 சென்ட்தான் பேரனுக்கும் பேத்திக்கும். அத்தைகள் கையெழுத்து இல்லாமல் முழு நிலத்தையும் விற்க வழியில்லை. பாட்டிக்கும் தனியாக இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வேண்டும். 'சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சே' என்று மகளை விட்டுவிடுவதும் இதே வம்புதான். சீர் கொடுத்ததால் சொத்தில் பங்கு அற்றுப்போகாது.

பங்கு வேண்டாம் என்று வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்தால் செல்லாது. விடுதலைப் பத்திரம் பதிவாக வேண்டும். ஆனால் விற்பதே நோக்கமென்றால், எல்லாரும் கிரயப் பத்திரத்திலேயே விற்பவராகக் கையெழுத்திடுவது நல்லது. செலவும் மிச்சம். வாரிசுகளில் மைனர் இருந்தால் தாய் கையெழுத்து மட்டும் போதாது, மாவட்ட நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். வாங்காவிட்டால் 18 வயது ஆனபின் 3 ஆண்டுக்குள் அந்தப் பிள்ளை கிரயத்தை ரத்து செய்யக் கோரலாம்.

உயில் இருந்தால் புரொபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) வேண்டுமா? ஓர் இந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எழுதி, இங்குள்ள நிலத்தை மட்டும் சொல்லும் உயிலுக்குக் கட்டாயமில்லை. ஆனால் சாட்சி இருவரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே அவரிடம் பிரமாண வாக்குமூலம் வாங்கி வையுங்கள். பிறகு வழக்கு வந்தால் அவரைத்தான் தேட வேண்டியிருக்கும். கோர்ட்டில் நிர்வாக உரிமைக் கடிதம் (இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம்) பெற்றவர், கோர்ட்டின் முன் அனுமதி இல்லாமல் நிலத்தை விற்றால் பங்குள்ள எவரும் அதைத் தள்ளக் கேட்கலாம். அப்பா உயிரோடு இருந்தபோது கொடுத்த பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து விற்பது அதைவிட மோசம். அவர் இறந்த அன்றே அந்த அதிகாரமும் முடிந்தது.

பட்டா வருவாய்ப் பதிவுதான். அண்ணன் பெயரில் மட்டும் மாறியிருந்தாலும் மற்றவர் பங்கு போகாது. வில்லங்கச் சான்று எடுக்கும்போது பழைய சார்பதிவாளர் அலுவலகத்திலும் தேடுங்கள். தருமபுரி 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. மூலப் பத்திரத்தில் இருக்கும் மாவட்டம், தாலுகா, பழைய சர்வே எண் எல்லாவற்றையும் இன்றைய எண்ணோடு சொத்து விவரத்தில் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

வருமான வரியில், விவசாய நிலம் நகராட்சி எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதே முக்கியம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் 2 கிலோமீட்டர்; ஒரு லட்சத்தைத் தாண்டிய ஓசூருக்கு 6. அதற்கு அப்பால் உள்ள நிலத்துக்கு மூலதன ஆதாய வரி (சொத்து விற்ற லாபத்துக்கான வரி) இல்லை. தூரத்தை ரோட்டில் அளக்கக் கூடாது, நேர்கோட்டில்தான் அளக்க வேண்டும்.