சி நிரலுக்குள் லுவாவை உட்காரவைப்பது எப்படி?

மறுபடி கம்பைல் செய்யாமலே மென்பொருளின் போக்கை மாற்ற வேண்டுமென்றால், உள்ளே ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டும் ஒரு இன்டர்பிரெட்டர் வேண்டும். பைத்தானையும் பதிக்கலாம்தான், ஆனால் அதன் நூலகக் கோப்புகளையும் கூடவே சுமக்க வேண்டும். முதன்முறை செய்பவர்களுக்கு லுவா என்ற சிறிய ஸ்கிரிப்ட் மொழிதான் சரி. இங்கே சொல்வது 5.4 பதிப்புக்கு.

படி 1: லுவாவின் மூலக் கோப்புகளை உங்கள் புராஜெக்டிலேயே போடுங்கள். 'லுவா.சி', 'லுவாக்.சி' இரண்டையும் விட்டுவிடுங்கள். அவற்றில் தனி 'மெயின்' இருப்பதால் லிங்கர் முரண்டுபிடிக்கும். சி++ என்றால் ஹெடர் 'லுவா.எச்பிபி'.

படி 2: 'நியூஸ்டேட்' (லுவாவைத் தொடங்க), 'ஓப்பன்லிப்ஸ்' (அதன் நூலகங்களைத் திறக்க), 'லோடுஃபைல்' (ஸ்கிரிப்டை ஏற்ற) என வரிசையாக அழையுங்கள். லோடுஃபைல் கம்பைல் மட்டுமே செய்யும். ஒருமுறை 'பிகால்' (பிழை வந்தாலும் நிரலை விழவிடாத அழைப்பு) போட்டு ஓட்டினால்தான் ஸ்கிரிப்டில் உள்ள ஃபங்ஷன்கள் உருவாகும். இதை விட்டுவிட்டு, 'நில் மதிப்பை அழைக்க முயற்சி' (நில் என்றால் 'எதுவும் இல்லை') என்ற பிழையோடு எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

படி 3: ஃபங்ஷனை அழைப்பது. எல்லாரும் சறுக்குவது இங்கேதான், காரணம் ஸ்டாக்: சி-யும் லுவாவும் மதிப்புகளைக் கைமாற்றும் அடுக்கு. 'கெட்குளோபல்' ஃபங்ஷனை மேலே வைக்கும். இரண்டு 'புஷ்இன்டிஜர்' சேர்ந்தால் மொத்தம் 3. இரண்டு உள்ளீடு, ஒரு விடை என்று பிகாலுக்குச் சொன்னால், மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒன்றை வைக்கும். -1 இடத்தில் (அடுக்கின் உச்சியில்) விடையைப் படித்துவிட்டு, 'பாப்' செய்து நீக்குங்கள். அழைப்பு தோற்றாலும் மேலே ஒன்று மிஞ்சும்: பிழைச் செய்தி. அதை பாப் செய்யத்தான் மறந்துபோகிறது. லூப்பில் ஓடும் நிரலில் இப்படி ஒவ்வொன்றாகச் சேரும். உறுதியாகக் கிடைப்பது 20 இடங்கள்தான். அதற்கு மேல் வேண்டுமானால் 'செக்ஸ்டாக்' கேட்டாக வேண்டும். கேட்காமல் தாண்டினால் நினைவகம் கெட்டு, சம்பந்தமே இல்லாத வரியில் நிரல் விழும். சோதிக்கும்போது 'லுவா_யூஸ்_ஏபிஐசெக்' போட்டு லுவாவை கம்பைல் செய்யுங்கள்; தவறு நடந்த இடத்திலேயே நிறுத்தும். அழைப்புக்கு முன்னும் பின்னும் 'கெட்டாப்' தரும் எண்ணை (ஸ்டாக்கில் எத்தனை உள்ளன என்பதை) ஒப்பிடுவதும் நல்ல பழக்கம்.

பிகாலுக்குப் பதில் வெறும் 'கால்' வேண்டாம்: ஸ்கிரிப்டில் ஒரு பிழை வந்தால் மொத்த மென்பொருளும் அபார்ட் ஆகி நின்றுவிடும். மதிப்பை ஸ்ட்ரிங்காகப் படிக்கும் 'டுஸ்ட்ரிங்' தருவது பாயின்டர் மட்டுமே; பாப் செய்யுமுன் அது காட்டும் ஸ்ட்ரிங்கை நகலெடுங்கள். பிறகு குப்பை சேகரிப்பான் அந்த இடத்தை விடுவித்துவிடலாம்.

தமிழ் ஸ்ட்ரிங்குகள் பற்றி: '#' பைட்டுகளைத்தான் எண்ணும். யூடிஎஃப்-8இல் 'அ' ஒன்றுக்கே 3 வரும், எழுத்துருவில் கோளாறில்லை.

பிற்சேர்க்கை: பயனர் எழுதும் ஸ்கிரிப்டுக்கு ஓப்பன்லிப்ஸ் ஆபத்து, 'ஓஎஸ்' (கணினிக் கட்டளைகள்), 'ஐஓ' (கோப்புகள்) இரண்டும் திறந்துவிடும். 'ரிக்வயர்எஃப்' மூலம் வேண்டியதை மட்டும் திறந்து, ஸ்கிரிப்டுக்குள் கிடைக்கும் 'டூஃபைல்', 'லோடுஃபைல்' இரண்டையும் நில் ஆக்குங்கள். முடிவில்லா லூப்புக்கு 'செட்ஹுக்'; 1,00,000 கட்டளைக்கு ஒருமுறை எட்டிப்பார்த்து பிழை எறியலாம். ஆனால் ஸ்கிரிப்டே பிகால் வைத்து அந்தப் பிழையை விழுங்க முடியும். அறவே நம்ப முடியாத ஸ்கிரிப்டைத் தனி புராசஸில் ஓட்டுங்கள்.