சின்னக் குழந்தையோடு தாத்தா பாட்டி வீட்டில் முதல் விடுமுறை: படிப்படியாக ஒரு செய்முறை

கைக்குழந்தையோ, இப்போதுதான் நடக்கப் பழகிய குழந்தையோ, இன்னும் பள்ளிக்குப் போகாத வாண்டோ உங்கள் வீட்டில் இருக்கிறதா? முதல் முறையாகச் சில நாள் தாத்தா பாட்டி வீட்டில் போய்த் தங்கப் போகிறீர்களா? அப்படியானால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். பெட்டியில் என்னென்ன வைப்பது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது சுலபமான பகுதி. பெற்றோர் குறுக்கே நிற்காமல், குழந்தையும் பெரியவர்களும் நேரடியாகப் பழக வழிவிடுவதுதான் கஷ்டம். கீழே உள்ள படிகளில் பாதி அதற்காகவே.

படி 1: தேதி குறித்தல்

போகும் நாளையும் திரும்பும் நாளையும் விடுமுறைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் முறை என்றால் நான்கைந்து நாள் தங்கலாம் என்பது என் கருத்து. குழந்தை அந்த வீட்டுக்குப் பழகவே முதல் இரண்டு நாள் போய்விடும். வார இறுதிக்கு மட்டும் போனால், பாட்டியோடு ஒட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

போய்ச் சேர்ந்த அன்று மாலையே சொந்தக்காரர்கள் எல்லோரையும் வரவழைக்கும் ஆசை பெரியவர்களுக்கு இருக்கும். "ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லலாமே, பிள்ளை கொஞ்சம் பழகிக்கட்டும்" என்று இப்போதே சொல்லிவையுங்கள். கூட்டம் கூடிய பிறகு அதைச் சொல்ல முடியாது.

முடிந்தால், குழந்தை தூங்கி எழுந்து, வயிறும் நிறைந்திருக்கும் நேரத்தில் வாசலில் போய் இறங்குவது போலத் திட்டமிடுங்கள். ஐந்தாவது படி பாதி சுலபமாகிவிடும்.

படி 2: போவதற்கு முன் இரண்டு விதமான போன் பேச்சு

முதலாவது, குழந்தைக்கானது. ஒன்றரை இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்று சொல்லும் குழந்தை மருத்துவர்கள்கூட வீடியோ காலுக்கு விலக்குத் தருகிறார்கள். எதிரில் இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்கிறாரே, அதுதான் காரணம். ஆனால் "தாத்தாவுக்கு ஹலோ சொல்லு, பாடிக் காட்டு" என்று பரீட்சை வைத்தால் குழந்தை எழுந்து ஓடிவிடும். அதற்குப் பதிலாகப் பாட்டி ஒரு துணியால் முகத்தை மூடித் திறக்கட்டும். தாத்தா மூக்குக்கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுக்கொள்ளட்டும். ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் அதே விளையாட்டாக இருப்பது நல்லது. நேரில் போய் இறங்கியதும் தாத்தா அதையே ஆரம்பித்தால், இவர் யார் என்று குழந்தைக்குப் பிடிபட்டுவிடும்.

இரண்டாவது, பெரியவர்களுக்கானது. எங்கே படுக்கப் போகிறோம்? வீட்டில் யார் யார் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்கள், அதை எங்கே வைக்கிறார்கள்? படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, மாடிச் சுவர் எல்லாம் எப்படி? நாய் பூனை உண்டா? இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை பக்கத்தில் எது? இவற்றை அவரவர் பெற்றோரிடம் அவரவரே கேட்பது நல்லது. மகன் கேட்டால் அக்கறையாகத் தெரிவது, மருமகள் கேட்டால் குற்றம் கண்டுபிடிப்பதாகத் தெரியும். நியாயமில்லைதான், ஆனால் நடப்பது அதுதான்.

பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை என்றால் இன்னொன்றும் இருக்கிறது. அந்த வீட்டில் யாருக்காவது இருமலோ காய்ச்சலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கக்குவான் இருமல் பெரியவர்களுக்கு வெறும் நாள்பட்ட இருமலாகத் தெரியலாம். பச்சிளம் குழந்தையின் உயிருக்கு அது ஆபத்து. அதற்கான ஊக்கத் தடுப்பூசி வேண்டுமா என்று தாத்தாவும் பாட்டியும் தங்கள் மருத்துவரிடம் கேட்கலாம். போட்டுக்கொள்வதாக இருந்தால், நீங்கள் போவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் பிடிக்கும்.

படி 3: பெட்டி

குழந்தை வழக்கமாகப் படுக்கும் விரிப்பைத் துவைக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பழகிய வாசனை புது இடத்தில் தூக்கத்துக்கு உதவும். தெர்மாமீட்டர், குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவு எழுதிய காய்ச்சல் மருந்து, ஓஆர்எஸ் பொட்டலம், தடுப்பூசி அட்டையின் படம் ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும். டயப்பர் இரண்டு நாளைக்குப் போதும், மீதியை அங்கே வாங்கலாம். பொம்மை இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். அந்த வீட்டில் இருக்கும் மூடி, டப்பா, மரக்கரண்டி எல்லாம் உங்கள் குழந்தைக்குப் புதுசுதானே!

படி 4: பயணம்

காரில் போனால், குறைந்தது இரண்டு வயது வரை குழந்தையைப் பின்பக்கம் பார்த்த கார் சீட்டில் உட்கார வைப்பதே பாதுகாப்பு. "பக்கத்துலதானே, மடியில வெச்சுக்கறேன்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். விமானம் என்றால், அது கீழே இறங்கத் தொடங்கும்போது பாலோ தண்ணீரோ கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது அடைப்பு குறையும். பயணத்தில் குமட்டல் இரண்டு வயதுக்குக் கீழே அபூர்வம், அதற்குப் பிறகுதான் தொடங்கும். அந்த வயதுக் குழந்தைக்கு ஓடும் வண்டியில் புத்தகமோ போனோ கொடுக்காமல், தூரத்தில் தெரிவதைக் காட்டிப் பேசிக்கொண்டு வாருங்கள்.

படி 5: முதல் ஒரு மணி நேரம்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

கதவு திறக்கிறது. பல மாதமாகக் காத்திருந்த பாட்டி இரண்டு கையையும் நீட்டுகிறார். குழந்தை வீல் என்று அலறி உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. பாட்டியின் முகம் வாடிப்போகிறது. யாரோ ஒருவர், "அடிக்கடி கூட்டிட்டு வந்தாத்தானே பழகும்" என்று எடுத்துக்கொடுக்கிறார். பல வீடுகளில் விடுமுறையின் முதல் மனவருத்தம் இங்கேதான் பிறக்கிறது.

குழந்தையிடம் குறை ஒன்றும் இல்லை. ஆறிலிருந்து எட்டு மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குப் புதுமுக பயம் வந்துவிடும். தெரிந்த முகத்தையும் தெரியாத முகத்தையும் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு மூளை வளர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இரண்டு வயதை நெருங்கும்போது மெல்லக் குறையும். இதைப் பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அழுகை தொடங்கிய பிறகு சொன்னால் சமாதானம் பேசுவதாகத்தான் படும்.

அவர்கள் செய்ய வேண்டியது என்ன? உட்காருவது. நின்றுகொண்டிருக்கும் பெரியவர் குழந்தைக்கு மிக உயரம். தரையிலோ தாழ்வான நாற்காலியிலோ உட்கார்ந்து, முதலில் உங்களோடு பேசட்டும், குழந்தையை உற்றுப் பார்க்க வேண்டாம். கையில் ஏதாவது ஒரு சாமான், கிண்ணமும் கரண்டியும் போல, வைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு விளையாடட்டும். குழந்தை உங்கள் மடியிலிருந்து அதைப் பார்க்கும், அப்புறம் இறங்கும், அப்புறம் ஓடி வந்து உங்களைத் தொட்டுவிட்டுத் திரும்பப் போகும். இதற்குப் பத்து நிமிடமும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம்.

அந்த நேரத்தில் உங்கள் வேலை, மடியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. "போ, போ, பாட்டிகிட்ட போ" என்று தள்ளத் தள்ளக் குழந்தை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். சற்றுப் பெரிய குழந்தை முத்தம் கொடுக்க மறுத்தாலும் விட்டுவிடுங்கள். கையசைத்தால் போதும், அதுவும் இல்லாவிட்டால் ஒரு சிரிப்பு போதும்.

படி 6: வீட்டை முழங்காலில் சுற்றி வருவது

பெட்டியைத் திறப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். குழந்தையின் கண் உயரத்துக்குக் குனிந்து, தவழ்ந்து ஒரு சுற்று வாருங்கள். தாத்தாவையும் கூப்பிடுங்கள், அவர் வீட்டை அவர் இல்லாமல் சோதனை போடுவது மரியாதையாக இருக்காது. நின்றபடி பார்த்தால் தெரியாத ஒயர், ஆணி, மேசை முனை எல்லாம் கீழிருந்து பார்த்தால் தெரியும்.

முதல் கவனம் மாத்திரைகளுக்கு. திங்கள் செவ்வாய் என்று அறை பிரித்த மாத்திரைப் பெட்டி குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பைதான், திறக்கவும் சுலபம். இனிப்பு போலத் தெரியும் ஒரே ஒரு மாத்திரை என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு போன்ற மாத்திரை ஒன்று போதும், சின்னக் குழந்தையின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அந்த விளைவு பல மணி நேரம் கழித்தும் வரலாம். சில ரத்த அழுத்த மாத்திரைகளும், சில இதய மாத்திரைகளும் அப்படித்தான். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். "நல்லாத்தானே விளையாடறான்" என்று வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது. பாட்டியின் கைப்பை, தலையணைக்கு அடியில், தாத்தாவின் சட்டைப் பை என்று மாத்திரை இருக்கக்கூடிய எல்லா இடத்தையும் கேட்டு, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டும் அலமாரியில் வையுங்கள். மாத்திரை நேரத்தை நினைவுபடுத்தும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டால், அவர்களுக்கும் இது தொல்லையாகத் தெரியாது.

அடுத்தது பட்டன் பேட்டரி. ரிமோட், காது கேட்கும் கருவி, எடை பார்க்கும் கருவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை என்று பலவற்றில் இருக்கும். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். பேட்டரி மூடி தளர்ந்திருந்தால் நல்ல டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக: வாளியில் தண்ணீர் தேங்கவே கூடாது. ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திலும் குழந்தை மூழ்கிவிடும். குழந்தை மடியில் இருக்கும்போது கையில் சூடான டம்ளர் வேண்டாம். டிவியும் அலமாரியும் இழுத்தால் சாயுமா என்று ஆட்டிப் பாருங்கள்.

படி 7: மூன்றே விதி

பெரியவர்களிடம் பத்து விதி நீட்டினால் பத்தும் காற்றில் போகும். உயிருக்கும் உடம்புக்கும் சம்பந்தப்பட்ட மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை விட்டுக்கொடுங்கள். என் பட்டியல் இது.

ஒன்று, படுக்கை. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை மல்லாந்து, தட்டையான கெட்டியான படுக்கையில், தலையணையும் கனத்த போர்வையும் இல்லாமல் தூங்க வேண்டும். சோபாவில் தாத்தாவின் நெஞ்சில் படுத்துத் தூங்குவது அழகான காட்சிதான், அவர் விழித்திருக்கும் வரை. "உங்களை எல்லாம் குப்புறப் போட்டுத்தான் வளர்த்தோம்" என்று சொன்னால், அது அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் சொன்னதுதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று சொன்னதே 1992-ல்தான். அதற்குப் பிறகு தூக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. யாரையும் குறை சொல்லாமல் விஷயத்தைச் சொல்ல இந்தத் தகவல் உதவும்.

இரண்டு, வாய்க்குள் போவது. ஒரு வயது வரை தேன் ஒரு சொட்டும் வேண்டாம், அதில் இருக்கக்கூடிய கிருமி வித்து பச்சைக் குழந்தைக்கு நரம்புகளைப் பாதிக்கும் நோயைத் தரலாம். நான்கைந்து வயது வரை முந்திரி, பாதாம், வேர்க்கடலை போன்றவற்றை முழுசாகக் கொடுக்க வேண்டாம், திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும்.

மூன்று, வாசலும் தண்ணீரும். "நான் பார்த்துக்கறேன்" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் இருக்கும் வீட்டில், எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

திரை? ஐந்து வயதுக்குள் உள்ளவர்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி, இரண்டு வயதுக்குக் கீழே டிவி வேண்டாம் என்றும், அதற்கு மேல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமலும் சொல்கிறது. ஆனாலும் தாத்தாவோடு நாலு நாள் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். தூக்கத்தில் அப்படி விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்று இரண்டு வயதில் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் தேவை. மதியத் தூக்கம் தவறினால் மாலையில் வீடே அதன் பலனை அனுபவிக்கும்.

படி 8: நீங்கள் விலகுவது

மூன்றாம் நாள் வாக்கில், தினமும் ஒரே நேரத்தில், ஒரே வேலையைத் தாத்தாவுக்கும் குழந்தைக்கும் கொடுத்துவிடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, துவைத்த துணியில் காலுறைகளை ஜோடி சேர்ப்பது, மாலையில் விளக்கு சுவிட்சுகளைப் போடுவது. விளையாட்டைவிட வேலை நல்லது, ஏனென்றால் முழங்கால் வலிக்கும் பெரியவர்கள் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் விளையாட முடியாது. அந்த அரை மணி நேரம் நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். சத்தம் கேட்டாலும் உடனே ஓடாதீர்கள். அவர்கள் உங்கள் முறையில் செய்ய மாட்டார்கள். சட்டை நனையும், காலுறை ஜோடி மாறும். படி 7-ல் உள்ள மூன்றில் எதுவும் மீறப்படவில்லை என்றால், திருத்தாதீர்கள். அவர்கள் களைத்துப்போவதற்கு முன் நீங்களே போய்க் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். "முடியலை" என்று அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள்.

கண்டிப்பு விஷயத்தில் கருத்து வேறுபாடு வந்தால், குழந்தை தூங்கிய பிறகு பேசுங்கள். குழந்தை முன்னால் பாட்டியைத் திருத்தினால், அடுத்த நாள் முதல் பாட்டி சொல்வது குழந்தையின் காதில் ஏறாது.

படி 9: கிளம்புவது

அழும் என்று பயந்து, தூங்கும்போது கிளம்பிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். விழித்துப் பார்க்கும்போது தாத்தா காணாமல் போயிருப்பது, விடைபெறும்போது அழுவதைவிட மோசம். முந்தின நாளே, "நாளைக்குக் காலையில சாப்பிட்டு முடிச்சதும் வண்டி ஏறுவோம்" என்று சொல்லுங்கள். "நாளை மறுநாள்", "பத்து மணி" எல்லாம் இந்த வயதுக்குப் புரியாது, சாப்பாடும் தூக்கமும்தான் அவர்களின் கடிகாரம். கையசைத்து, சுருக்கமாக விடைபெற்றுக் கிளம்புங்கள்.

திரும்பி வந்தபின் இரண்டு மூன்று நாள் தூக்கம் தாறுமாறாக இருக்கும், எதற்கெடுத்தாலும் பிடிவாதமும் இருக்கும். காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுப்பினால் சீக்கிரம் சரியாகிவிடும். அடுத்த வீடியோ காலில் தாத்தாவை அந்தச் செடியையோ சுவிட்சையோ காட்டச் சொல்லுங்கள். பூட்டிவைத்த மாத்திரைப் பெட்டியின் சாவியை நீங்கள் கொண்டுவந்துவிடவில்லையே என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.