வான் போகட்டும், பிளேட் உங்களோடு இருக்கட்டும்: ஒன்ராறியோவில் குடும்ப வான் விற்பது

கனடாவுக்கு வந்த புதிதில் எல்லாரும் வாகனம் வாங்குவதைப் பற்றித்தான் கேட்பார்கள். விற்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் வந்து நாலைந்து வருடத்துக்குள் நீங்களும் ஒன்றை விற்கத்தான் போகிறீர்கள். வேலை கல்கரிக்கு மாறும், அல்லது பிள்ளைகள் வளர்ந்து அவரவர் பாட்டுக்குப் போய்விடுவார்கள், பெரிய வான் வீட்டு வாசலில் சும்மா நிற்கும். எங்களுடையது அப்படித்தான் நின்றது. 2015ஆம் ஆண்டு ரொயோட்டா சியெனா, நாலு சில்லும் இழுக்கிற வகை, 192,000 கிலோமீற்றர் ஓடியது. அதை விற்ற கதையோடு சேர்த்தே இதைச் சொல்கிறேன். வாங்க வருகிறவர்களும் படிக்கலாம். விற்கிறவர் என்னென்ன கடதாசி தரவேண்டும் என்று தெரிந்தால் அரைவாசித் தலையிடி குறையும்.

முதலில் நம்பர் பிளேட். ஊரில் பிளேட் வாகனத்தோடு போகும். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், சென்னையிலும் அப்படித்தான். ஒன்ராறியோவில் பிளேட் ஆளுக்குச் சொந்தம். வாகனத்தை விற்றால் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுத்த வாகனத்துக்குப் போடவேண்டும். இது தெரியாமல் 2009இல் என்னுடைய முதல் காரை விற்றபோது, பிளேட்டைக் கழற்றுவது ஏதோ கஞ்சத்தனம் என்று நினைத்து அப்படியே கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு பார்க்கிங் ரிக்கற் வந்தது. பிறகு 407 நெடுஞ்சாலைக் கட்டண பில் வந்தது. அந்தத் தெருவில் காசு வாங்கும் கூண்டு கிடையாது. கமரா பிளேட்டைப் படம் எடுக்கும், பிளேட் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய வீட்டுக்கு பில் போகும். கட்டாமல் விட்டால் பிளேட்டைப் புதுப்பிக்க விடமாட்டார்கள். வாங்கியவருடைய போன் வேலை செய்யவில்லை. நான்தான் கட்டினேன்.

அதே மாதிரி இன்னொரு ஊர்ப் பழக்கம், 'ஓபன் பேப்பர்'. கையெழுத்தை மட்டும் வைத்துக் கொடுப்பது, வாங்கியவர் தனக்குத் தோதான நேரத்தில் பெயர் மாற்றுவது. இங்கே அந்த வேலையே வேண்டாம். ஓனர்ஷிப் கடதாசியில் வாகனப் பகுதி, பிளேட் பகுதி என்று இரண்டு துண்டு இருக்கும். வாகனப் பகுதியில் விற்பனைக்கான இடத்தை நிரப்பி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்து வாங்குபவரிடம் கொடுக்கவேண்டும். பிளேட் பகுதி உங்களிடம் இருக்கவேண்டும். வாங்கியவர் 6 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றவேண்டும் என்பது சட்டம். பெயர் மாற்றாமலே மறுபடி விற்றுக் காசு பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் திகதி போடாத கடதாசி கிடைத்தால் பதிவில் உங்கள் பெயர்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது, வாகனப் பதிவு பார்க்கும் அரசாங்கக் கந்தோரான சேர்விஸ் ஒன்ராறியோவில் 20 டொலருக்கு எடுக்கும் தகவல் பொதி. தனியாள் விற்றால் இதை வாங்குபவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். வாகனம் ஒன்ராறியோவில் யார் யார் பெயரில் இருந்தது, வங்கிக் கடன் ஏதும் அதன்மேல் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். விற்பனைச் சீட்டும் அதிலேயே வரும். இணையத்திலும் எடுக்கலாம். நீங்கள் வாங்கும் பக்கம் இருந்தால், "பிறகு தாறன்" என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். கடன் ஆளோடு மட்டும் நிற்காது, வாகனத்தையும் தொடரும். பழைய சொந்தக்காரர் கட்டாத கடனுக்கு உங்கள் வாசலில் நிற்கும் வானைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

பிறகு சேஃப்டி. அனுமதி உள்ள கராஜில் பார்த்துத் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் இது. 36 நாள்தான் செல்லும். ஆகவே விளம்பரம் போடும் முன்னமே அவசரப்பட்டு எடுக்காதீர்கள். நான் முதலில் கராஜ்காரரிடம், "அண்ணை, சேஃப்டிக்கு விட்டா என்னத்திலை விழும்?" என்று மட்டும் கேட்டேன். பின் பிறேக்கும், முன் பக்கத்தில் ஒரு புஷ்ஷும் என்றார். இரண்டையும் செய்து பில்லை வைத்துக்கொண்டேன். வாங்க ஆள் உறுதியான பிறகுதான் சான்றிதழ் எடுத்தேன். சேஃப்டி இல்லாமலும் விற்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் வாங்குபவர் சேஃப்டி எடுக்கும்வரை பிளேட் போட்டு ஓட முடியாது, விலையும் படுக்கும். இன்னொன்று, சேஃப்டி என்பது உத்தரவாதம் இல்லை. பிறேக், ஸ்டியரிங், லைற், ரயர், துரு இவை அன்றைக்குச் சரியாக இருக்கிறதா என்பதுதான் அதில் தெரியும். எஞ்ஜினும் கியரும் இன்னும் எவ்வளவு காலம் ஓடும் என்று அது சொல்லாது.

அதைச் சொல்வது பழைய பில்கள். நான் எட்டு வருடமாக ஒயில் மாற்றிய சீட்டு முதல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் கோவையில் போட்டு வைத்திருந்தேன். மனுசி அதைக் 'குப்பைக் கோவை' என்று சொல்வாள். விளம்பரத்தில் வானின் படங்களோடு அந்தக் கோவையையும் விரித்து ஒரு படம் போட்டேன். வந்த அழைப்புகளில் பாதிக்குமேல் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வந்தன.

நாலு சில்லும் இழுக்கிற வான் என்றால் அதற்கென்று தனிக் கேள்விகள் வரும். கனடாவில் விற்கும் குடும்ப வான்களில் இந்த வசதியைப் பெரும்பாலும் சியெனாவிலும் கிறைஸ்லர் பசிஃபிக்காவின் பிந்திய மொடல்களிலும்தான் காணலாம். ஹொண்டா ஒடிசியிலும் கியா கார்னிவலிலும் முன் சில்லு மட்டும்தான் இழுக்கும். அதனால் பனிக்கு முன், செப்ரெம்பர் ஒக்ரோபரில் விளம்பரம் போட்டால் கேட்டு வருவார்கள். ஆனால் இதை ஜீப் என்று புளுகி விற்காதீர்கள். வழக்கமாக முன் சில்லுதான் இழுக்கும், அது வழுக்கும்போது பின்னுக்கும் பலம் போகும், அவ்வளவுதான். சறுக்கும் ஏற்றத்தில் கிளம்ப உதவும். பிறேக் பிடிக்க உதவாது. அதற்கு வின்ரர் ரயர்தான் வேண்டும். வின்ரர் ரயர் போட்டால் காப்புறுதியில் கழிவு தரவேண்டும் என்று 2016 முதல் ஒன்ராறியோவில் விதியும் இருக்கிறது. எங்கள் வின்ரர் ரயர்களை றிம்மோடு சேர்த்தே கொடுத்தேன். தனியே விற்றால் கொஞ்சம் கூடக் கிடைத்திருக்கும், ஆனால் இன்னும் நாலு பேரோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

விஷயம் தெரிந்தவர்கள் முதலில் ரயரைத்தான் குனிந்து பார்ப்பார்கள். இந்த வகை வாகனத்தில் நாலு ரயரும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்கவேண்டும். ஒன்று மட்டும் புதிது என்றால் அது சுற்றும் வேகம் வேறுபட்டு, பின்னுக்குப் பலம் அனுப்பும் பகுதிக்குச் சுமை ஏறும். இன்னொன்றையும் மறைக்கவேண்டாம். பின் சில்லுக்குப் போகும் தண்டு கீழே இடத்தைப் பிடித்துவிடுவதால் எங்கள் மொடலில் உபரிச் சில்லு கிடையாது. கம்பனி காற்றில்லாமலும் கொஞ்சத் தூரம் ஓடக்கூடிய ரயர் போட்டுக் கொடுத்தது. நான் அவற்றைச் சாதாரண ரயராக மாற்றி, பின்னுக்குப் பஞ்சர் பெட்டியும் காற்றடிக்கும் பம்பும் வைத்திருந்தேன். இருக்கையும் 7தான், 8 இருக்கை முன் சில்லு இழுக்கிறதில் மட்டும். 2011 முதல் 2016 வரையான சியெனாக்களுக்குத் தானியங்கிச் சறுக்குக் கதவு தொடர்பாகக் கம்பனி ஒரு திருத்த அழைப்பு விட்டது. அதைச் செய்த கடதாசி கோவையில் இருந்தது. உங்களுடைய வாகனத்துக்கு ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று வின் நம்பரை, அதாவது வாகனத்தின் அடையாள இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள், திருத்தம் இலவசம்.

துரு இங்கே தனிக் கதை. தெருவில் கொட்டும் உப்பு அடித்தட்டைத் தின்றுவிடும். சறுக்குக் கதவின் கீழ் விளிம்பு, பின் சில்லு வளைவு, அடியில் பின் ஏசிக்குப் போகும் குழாய், இந்த மூன்றையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள். நான் வருடா வருடம் ஒயில் அடிப்பித்தேன். இரண்டு நாளுக்கு வாசல் எல்லாம் ஒயில் சொட்டும், மனுசி ஏசுவாள்.

கழுவும்போது வாசனையை மறக்காதீர்கள். எங்களுக்குத் தெரியாது, பழகிவிட்டது. கோயில் பிரசாதமும் மீன் பொதியும் எட்டு வருடம் போய்வந்த வான் அது. கபின் பில்ரரை மாற்றி, சீற்றை நீராவியால் கழுவி, ஒரு வாரம் கண்ணாடியை இறக்கிவிட்டேன். டாஷ்போர்ட்டில் ஒட்டிய பிள்ளையாரைக் கழற்றினால் வட்டமாக ஒரு பசைத் தடம் தெரியும், அதைத் துடைக்கவேண்டும். அதைவிட முக்கியம், கராஜ் கதவு றிமோட். அதை மறந்து விட்டீர்கள் என்றால் வீட்டுத் திறப்பையும் சேர்த்து விற்றதற்குச் சமம். வழிகாட்டித் திரையில் 'வீடு' என்று பதிந்த முகவரியையும் போன் இணைப்பையும் அழித்துவிடுங்கள்.

விளம்பரம் போட்ட பத்தாவது நிமிடத்தில் "கடைசி விலை என்ன?" என்று ஒன்று வரும். வானைக்கூடப் பார்க்காதவருக்குக் கடைசி விலை சொல்லவேண்டாம். "உங்கள் போனுக்கு ஒரு கோட் வரும், அனுப்புங்கள்" என்பவர் களவாளி. பெயரே கேள்விப்படாத ஒரு தளத்தில் காசு கட்டி அறிக்கை எடுத்துத் தரச் சொல்பவரும் அப்படியே. விபத்து அறிக்கைக்கு கார்ஃபாக்ஸ் போதும். இரண்டு மூன்று பேராக வந்தால், ஒருவர் உங்களைக் கதையில் இழுக்க மற்றவர் எஞ்ஜின் மூடியடியில் தனியே நிற்க விடாதீர்கள். தண்ணீர்த் தாங்கியில் கொஞ்சம் ஒயிலை ஊற்றிவிட்டு "எஞ்ஜின் போச்சுது" என்று விலையை அடிப்பது பழைய வித்தை.

வீட்டுக்குக் கூப்பிடாமல், வெளிச்சமான கடைத் தரிப்பிடம் ஒன்றில் சந்தியுங்கள். ஓடிப் பார்க்கக் கொடுக்குமுன் லைசன்ஸைப் பார்த்துப் படம் எடுங்கள். ஜி1 எனும் பழகுநர் லைசன்ஸ் வைத்திருப்பவர் தனியே ஓட முடியாது. நீங்களும் ஏறியிருங்கள். சந்திப்புக்கு முன் எஞ்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள், ஏதோ பழுதை மறைக்கிறீர்கள் என்று நினைப்பார்கள். எங்களிடம் வாங்கிய தம்பி முதல் வேலையாக எஞ்ஜின் மூடியில் கையை வைத்துப் பார்த்தார். குளிராக இருந்தது. திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஆனால் வியாபாரத்தை முடித்தது அவர் இல்லை. அவருடைய மாமியார், முழங்கால் வருத்தக்காரி. சறுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். கைப்பிடியைப் பிடித்து, வலது காலை வைத்து, ஒரு கணம் நின்று, ஏறி நடு இருக்கையில் இருந்தார். பிறகு தானாகவே இறங்கி, மறுபடி ஏறினார். "இதிலை நான் ஒருத்தற்றை கையையும் பிடிக்கத் தேவையில்லை" என்றார். அதற்குப் பிறகு மருமகன் விலை பேசியதெல்லாம் சம்பிரதாயம்தான். 17,900 கேட்டேன், 16,800க்கு முடிந்தது.

விலை முடிந்ததும், "அண்ணை, பேப்பரிலை எட்டாயிரம் எண்டு போடுங்கோவன்" என்று மெதுவாகக் கேட்டார். எல்லாரும் கேட்பார்கள். வாங்குபவர் பெயர் மாற்றும்போது 13 வீத வரி கட்டவேண்டும், 16,800க்கு 2,184 டொலர். ஆனால் வரி, சீட்டில் எழுதிய விலைக்கோ, ரெட் புக் எனும் மொத்த விலைப் பட்டியலில் உள்ள மதிப்புக்கோ, எது கூடவோ அதற்குத்தான். குறைத்து எழுதி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, பொய்க்குக் கையெழுத்து வைப்பது மட்டும் நீங்கள். பெற்றோர், பிள்ளை, கணவன் மனைவி மாதிரி நெருங்கிய உறவுக்கு இனாமாகக் கொடுத்தால் சத்தியக் கடதாசி கொடுத்து வரி விலக்குப் பெறலாம். நாங்கள் தம்பி என்று கூப்பிடுகிற ஆட்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்.

இந்த அலைச்சல் வேண்டாம், அடுத்த வாகனம் வாங்கும் டீலரிடமே கொடுத்துவிடுகிறேன் என்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது. டீலர் பழைய வானுக்கு 10,000 தந்தால், புது வாகனத்தின் விலையில் அது கழிந்த பிறகுதான் 13 வீத வரி. அதாவது 1,300 டொலர் வரி மிச்சம். அவர் தந்தது உண்மையில் 11,300. வெளியே 11,500க்கு விற்கலாம் என்று தோன்றினால் நான் டீலரிடமே விட்டிருப்பேன். எனக்குச் சொன்ன விலைக்கும் வெளிவிலைக்கும் நாலாயிரத்துக்கு மேல் இடைவெளி இருந்தது, அதனால்தான் இறங்கினேன்.

காசு வாங்குவதை வங்கி திறந்திருக்கும் நாளில் வையுங்கள். முற்பணமாக 500 டொலரை இ-ட்ரான்ஸ்பரில் வாங்கி, கையால் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். பல வங்கிகளில் ஒரு நாளைக்கு 3,000 டொலர் அளவுதான் அப்படி அனுப்பலாம். மிச்சத்துக்கு அவருடைய வங்கிக்கே கூடப் போய், காசாளர் என் கண் முன்னே எழுதிய வங்கி ட்ராஃப்டை வாங்கினேன். வீட்டில் கொண்டுவந்து நீட்டும் ட்ராஃப்ட் அச்சடித்ததாகவும் இருக்கலாம்.

அங்கிருந்து நேரே சேர்விஸ் ஒன்ராறியோ. வாங்குபவர் காப்புறுதி எடுத்திருக்கவேண்டும், அது இல்லாமல் பிளேட் தரமாட்டார்கள். பெயர் மாறும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். தரிப்பிடத்தில் என் பிளேட்டைக் கழற்றி அவருடையதைப் பூட்டவேண்டும். எட்டு வருட உப்பில் ஆணி இறுகிப்போயிருந்தது. முதல் நாள் இரவே ஆணிகளுக்கு ஒயில் விட்டு வைத்திருந்தால் அரை மணித்தியாலம் குளிரில் நின்றிருக்கமாட்டேன்.

407 கட்டணத்துக்காக முன் கண்ணாடியில் ஒட்டும் ட்ரான்ஸ்பொண்டர் பெட்டி இருந்தால் எடுத்துவிடுங்கள். காப்புறுதியைப் பெயர் மாறிய பிறகுதான் நிறுத்தவேண்டும், ஆனால் அன்றைக்கே நிறுத்தவேண்டும். உடனே வேறு வாகனம் வாங்கவில்லை என்றால், இத்தனை வருடம் விபத்தில்லாமல் ஓடினீர்கள் என்று காப்புறுதிக் கம்பனியிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கி, விற்பனைச் சீட்டின் பிரதியோடு சேர்த்து அதே கோவைக்குள் போட்டு வையுங்கள்.