பிரெஞ்சு எழுதுமேசையை ஏலத்தில் எடுக்குமுன் அதன் அடியில் படுத்துப் பாருங்கள்

பாரிஸில் பழைய மரச்சாமான்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் என் பிழைப்பு ஓடுகிறது. ஏலத்தில் மேசை எடுத்தவர்கள் காசு கட்டி, வண்டி பிடித்து, இறக்கி வைத்த பிறகுதான் "எப்படி இருக்கு, நல்ல அயிட்டம்தானே?" என்று கேட்பார்கள். என்ன சொல்வது? இதை ஏலத்துக்கு முந்தின நாள் கேட்டிருக்கலாம்.

முதலில் பட்டியலைப் படியுங்கள், ஒப்பந்தப் பத்திரம் படிக்கிற மாதிரி. 'எபோக் லூயி 15' என்றால் பதினைந்தாம் லூயி மன்னர் காலத்தில் செய்தது என்று விற்பவர் உறுதி தருகிறார் என்று பொருள். 1981 மார்ச் 3 தேதியிட்ட அரசாணை அப்படித்தான் சொல்கிறது. பிற்காலத்தில் சேர்த்த பாகம் இருந்தால் அதையும் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். 'ஸ்தீல் லூயி 15' என்றால் பாணி மட்டும்தான், காலத்துக்கு உத்தரவாதம் இல்லை. அதற்காக 'ஸ்தீல்' என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். 1946-இல் இறந்த பிரான்சுவா லிங்க்கே என்ற தச்சர் பாரிஸில் அந்தப் பாணியில் செய்த மேசைகள் பல உண்மையான 18-ஆம் நூற்றாண்டு மேசைகளைவிட அதிக விலைக்குப் போகின்றன.

நான் ஏமாந்தது வேறொரு சொல்லில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 900 யூரோவுக்கு ஒரு 'போனேர் து ஜூர்' எடுத்தேன்; மேலே சின்ன அலமாரி வைத்த, பெண்களுக்கான குட்டி எழுதுமேசை. வீட்டில் மேல்பகுதியைக் கழற்றினால், மேசைப் பலகையில் அடைத்து மெழுகு பூசிய நான்கு ஆணித் துளைகள். அவற்றுக்கும் மேலே இருந்த பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை. மேசையின் முதுகு ஓக், பெட்டியின் முதுகு பைன். இரண்டு அனாதைகளுக்கு யாரோ கல்யாணம் செய்து வைத்திருக்கிறார்கள். பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'பழைய பாகங்களால் ஆனது' என்று பிரெஞ்சில் தெளிவாகவே போட்டிருந்தது. நான்தான் படத்தைப் பார்த்தேன், எழுத்தைப் படிக்கவில்லை.

சரி, நேரில் பார்க்கும் நாள். பாரிஸின் த்ரூவோ ஏலக்கூடத்தில் பெரும்பாலும் முந்தின நாளும் ஏல நாள் காலையிலும் பொருட்களைப் பார்க்க விடுவார்கள். டார்ச் எடுத்துப் போங்கள், அழுக்கானாலும் பரவாயில்லாத உடை போடுங்கள். ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இழுப்பறை ஒன்றை முழுதாக வெளியே எடுங்கள். என்னைக் கேட்டால் மேசையின் ஜாதகமே அதில்தான் இருக்கிறது.

இழுப்பறையைக் கவிழ்த்துப் பாருங்கள். இருநூறு வருடம் இழுத்துத் தள்ளியதில் பக்கப் பலகைகளின் அடிவிளிம்பு தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். அது உட்காரும் சட்டத்திலும் அதே இடத்தில் அதே அளவு தேய்மானம் இருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது சப்பென்று நேராக இருந்தால் ஏதோ ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது. மூலைகளில் விசிறி போல் விரிந்த பற்கள் கோத்திருக்கும்; கையால் வெட்டியவை ஒன்றுபோல் இருக்காது. கைப்பிடிக்குப் பின்னால் உள்பக்கம் அடைத்த துளைகள் இருந்தால், இப்போதைய பித்தளைப் பிடி முதல் பிடி இல்லை. இது பெரிய குற்றமில்லை, ஆனால் விலையில் கழிக்க வேண்டும்.

அப்புறம் மேசைக்கு அடியில் படுங்கள். கூச்சப்பட வேண்டாம், விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் படுத்திருப்பார்கள். மரத்தில் வளைந்த வில் போன்ற ரம்பக்கோடு தெரிந்தால் அது வட்ட ரம்பத்தில் அறுத்த பலகை, 19-ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ செய்த வேலை என்று கொள்ளலாம். புழுத்துளை வட்டப் புள்ளியாக இருக்க வேண்டும். வாய்க்கால் போல நீளவாக்கில் திறந்து கிடந்தால், புழு தின்ற பழைய கட்டையைப் பிறகு யாரோ அறுத்து இழைத்திருக்கிறார்கள். பழைய மரம், புது மேசை. சாவித்துளை ஓரத்திலோ உடைந்த விளிம்பிலோ மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடான வெனீரின் கனத்தைப் பாருங்கள்: கையால் அறுத்தது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்காவது இருக்கும், இயந்திரத்தில் சீவியது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

முத்திரைக்கு மயங்காதீர்கள். பாரிஸ் தச்சர் சங்கம் 1743-இல் விதி போட்டு, உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் பெயரைப் பொறிக்க வேண்டும் என்றது; சங்கம் சோதித்ததற்கு ஜே.எம்.ஈ. என்ற எழுத்துகளும் விழும். சங்கங்கள் 1791-இல் ஒழிந்தன. ஆனால் பழுது பார்த்தவரும் தன் முத்திரையை அடிப்பதுண்டு, அரசருக்கு வேலை செய்தவர்களுக்கு விலக்கும் இருந்தது. போலி முத்திரையும் தாராளம். வெண்கல அணிகளில் கிரீடம் வைத்த 'சி' எழுத்து இருந்தால், அது 1745 முதல் 1749 வரை வசூலித்த வரியின் அடையாளம். அதையும் போலியாக அடிப்பார்கள்.

எழுதும் பலகைமேல் ஒட்டிய தோல் மாறியிருந்தால் கவலைப்படாதீர்கள், மாறாததுதான் அபூர்வம்.

பணக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். உங்களால் முடிந்தது மொத்தம் 3,000 யூரோ என்று வைப்போம். தோலுக்கும் வெனீர் பழுதுக்கும் 600, வண்டிக்கு 200. மிச்சம் 2,200. ஏல விலைக்கு மேல் ஏலக்கூடக் கட்டணம் 28 சதவீதம் என்றால் 1.28-ஆல் வகுத்தால் 1,718. அதாவது 1,700-ல் கையை இறக்கிவிட வேண்டும். இந்த எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் போடுங்கள். அரங்கத்துச் சூட்டில் தடுமாறுவீர்கள் என்றால் நேரில் போகாமல் உச்ச விலையை எழுத்தில் முன்கூட்டியே கொடுத்துவிடலாம். சுத்தியல் விழுந்த பின் 'மனசு மாறிவிட்டது' என்று திருப்பித் தர வழியில்லை. அபூர்வமான மேசையாக இருந்தால் அரசு குறுக்கே வந்து, அதே விலைக்கு அருங்காட்சியகத்துக்காக எடுத்துக்கொள்ளலாம். அந்த உரிமை பிரெஞ்சுச் சட்டத்தில் இருக்கிறது.

எடுத்த பின் சீக்கிரம் தூக்கிச் செல்லுங்கள், கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டாம். மரம் காய்ந்து சுருங்கி வெனீர் தூக்கிக்கொள்ளும். சில்லு விழுந்தால் குப்பையில் போடாமல் உறையில் இட்டு, எங்கிருந்து விழுந்தது என்று எழுதி அந்த இழுப்பறையிலேயே வையுங்கள். போன குளிர்காலத்தில் ஒருவர் அப்படி ஆறு சில்லு வைத்திருந்தார். ஆறையும் அரை நாளில் ஒட்டிக் கொடுத்தேன்.