ஆப்பிரிக்க நாடுகளின் ஏற்றுமதியை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் பொருளியலும் வணிகவியலும் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஏற்றுமதியை எடுத்துக்கொண்டால் நான் சந்தோஷப்படுவேன். அது நமக்குத் தொலைவான விஷயம் இல்லை. ஐவரி கோஸ்ட், கினி-பிசாவு, பெனின், தான்சானியா நாடுகளில் விளைந்த கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டை, தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. அதை உடைத்துப் பருப்பெடுக்கும் வேலையை நம்பி இந்தப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன.

ஆனால் இப்படிப்பட்ட ஒப்பீடு பெரும்பாலும் ஒரே வழியில் போய்விடுகிறது. 54 நாடுகளின் பெயர், எதிரே டாலர் தொகை, பெரியதில் தொடங்கிச் சிறியது வரை ஒரு வரிசை. அதன் கீழே, மேலே இருப்பது வளர்ந்த நாடு, கீழே இருப்பது பின்தங்கிய நாடு என்று ஒரு தீர்ப்பு. ஏற்றுமதித் தொகையை அவ்வளவு தூரம் நம்பக் கூடாது. எல்லை தாண்டிய சரக்கின் மதிப்பு எவ்வளவு என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்தச் சரக்கு எங்கே விளைந்தது, லாபம் யாருக்குப் போனது, உள்ளூர்க் கையில் என்ன மிஞ்சியது என்பதெல்லாம் அந்த எண்ணில் கிடையாது.

முதல் தவறு, பச்சைச் சரக்கையும் பதப்படுத்திய சரக்கையும் ஒரே கூடையில் போடுவது. கொல்லாங்கொட்டையையே எடுத்துக்கொள்வோம். சுங்கப் பட்டியலில் தோட்டோடு இருக்கும் கொட்டைக்கு 080131, உடைத்த பருப்புக்கு 080132 என்று தனித்தனி எண் உண்டு. அவசரத்தில் 0801 என்ற நான்கு இலக்கத்தோடு நின்றுவிட்டால் தேங்காயும் பிரேசில் கொட்டையும்கூட அந்தத் தொகைக்குள் வந்துவிடும். எடையை வைத்துக் கூட்டினால் குழப்பம் இன்னும் பெரிது. கொட்டை வியாபாரத்தில் 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று பார்ப்பார்கள். அதைத்தான் அவுட்டர்ன் என்கிறார்கள். 48 பவுண்டு தேறினால் நல்ல சரக்கு. அதாவது 80 கிலோவில் ஏறக்குறைய 22 கிலோ. அப்படியிருக்க ஒரு டன் கொட்டையையும் ஒரு டன் பருப்பையும் எப்படிக் கூட்ட முடியும்?

உலகத்திலேயே அதிகமாகக் கொல்லாங்கொட்டை விளைவிக்கும் நாடு ஐவரி கோஸ்ட். ஆனால் பருப்பு ஏற்றுமதியில் முதலிடம் வியட்நாமுக்கு. ஆப்பிரிக்கக் கொட்டையைத் தோட்டோடு வாங்கி, உடைத்து, தரம் பிரித்து, பருப்பாக விற்கிறது வியட்நாம். இந்தியாவும் அதைத்தான் செய்கிறது. உடைக்கும் கூலி, தோல் உரிக்கும் கூலி, தரம் பிரிக்கும் கூலி எல்லாம் கொட்டை இறங்கும் ஊருக்குப் போகின்றன. ஐவரி கோஸ்ட் சில ஆண்டுகளாக உள்நாட்டிலேயே உடைப்பதற்கு ஊக்கம் கொடுத்து வருகிறது. அந்த மாற்றம் மொத்தத் தொகையில் கண்ணுக்குத் தெரியாது; 080132 வரிசையைத் தனியாக எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கினி-பிசாவுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். அதன் சரக்கு ஏற்றுமதியில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்த ஒரே கொட்டைதான், அதுவும் தோட்டோடு போகிறது. விலை சரியும் ஆண்டில் அந்த நாட்டு விவசாயி அரிசி வாங்கத் திண்டாடுவார். தரவரிசையில் அந்த நாடு எத்தனையாவது இடம் என்பதைவிட எனக்கு இது பெரிய செய்தி.

அடுத்தது, ஏற்றுமதி செய்த நாடுதான் விளைவித்த நாடு என்று எடுத்துக்கொள்வது. ஐவரி கோஸ்ட் தன் கொட்டையைத் தரைவழியாக வெளியே கொண்டுபோவதைத் தடை செய்திருக்கிறது. ஆனாலும் எல்லை தாண்டிக் கானாவுக்கு மூட்டைகள் போகின்றன. அங்கிருந்து கப்பல் ஏறும்போது அது கானாவின் ஏற்றுமதி. உகாண்டாவின் பட்டியலில் காப்பியையும் முந்திக்கொண்டு தங்கம் நிற்கிறது. அதில் பெரும்பகுதி பக்கத்து நாடுகளில் தோண்டியது. போட்ஸ்வானா கதை வேறு விதம். டி பியர்ஸ் நிறுவனம் தன் கச்சா வைர விற்பனையை 2013இல் லண்டனிலிருந்து போட்ஸ்வானாவின் தலைநகரான கபரோனுக்கு மாற்றியது. அதற்குப் பிறகு நமீபியா, தென்னாப்பிரிக்கா, கனடாச் சுரங்கங்களின் வைரமும் கபரோனுக்கு வந்து, கலந்து தரம் பிரிக்கப்பட்டு வெளியே போகிறது. அந்த நாட்டின் இறக்குமதி, ஏற்றுமதி இரண்டும் அதனால் பெருத்தன. மண்ணுக்கடியில் புதிதாக வைரம் கிடைத்துவிடவில்லை. அதனால் மறுஏற்றுமதி என்று தனியாக ஒரு வரிசை இருக்கிறதா என்று பார்க்காமல் அட்டவணையைத் தொடவே வேண்டாம்.

போய்ச் சேரும் இடத்திலும் இதே சிக்கல் உண்டு. சாம்பியாவின் செம்பை அதிகம் வாங்குவது சுவிட்சர்லாந்து என்று புள்ளிவிவரம் சொல்லும். வாங்கும் வணிக நிறுவனங்கள் அங்கே பதிவானவை, அவ்வளவுதான். உலோகம் சீனாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போகிறது. இரண்டு பக்கக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அவை அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அனுப்பும் நாடு சரக்கு கப்பலேறும் வரையிலான மதிப்பை எழுதுகிறது. பெறும் நாடு கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்து எழுதுகிறது. அப்புறம், இந்தியா ஏப்ரலில் ஆண்டைத் தொடங்குகிறது, எகிப்தின் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. மாதக் கணக்கை எடுத்துக் கூட்டி ஒரே காலத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

விலை ஏறியதா, அளவு ஏறியதா என்று பிரித்துப் பார்க்காததும் பரவலான தவறு. நைஜீரியா, அங்கோலா, அல்ஜீரியா மூன்றுக்கும் உயிர்நாடி எண்ணெயும் எரிவாயுவும். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. அந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்தால் நைஜீரியா நொடித்துப்போன நாடாகத் தெரியும். 2020ஐ அடிப்படை ஆண்டாக வைத்தால் அதே நாடு பிரமாதமாக வளர்ந்ததாகத் தெரியும். கொள்கையும் ஓர் ஆண்டைக் கெடுக்கும். தான்சானியாவில் 2018 நவம்பரில் கொள்முதல் விலைத் தகராறு முற்றி, அதிபர் மகுஃபுலி ராணுவத்தை வைத்தே கொட்டையைக் கொள்முதல் செய்யச் சொன்னார். அந்தப் பருவத்துத் தொகையை வைத்து அந்த நாட்டை எடைபோடுவது அநியாயம். குறைந்தது ஐந்து ஆண்டுச் சராசரி எடுங்கள், டன் கணக்கையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

உள்நாட்டுப் பணத்தில் ஒப்பிடவே கூடாது. நைஜீரியாவின் பணம் நைரா. 2023 ஜூனுக்கு முன் ஒரு டாலருக்குச் சுமார் 460 நைரா. அடுத்த ஆண்டிலேயே அது 1,400ஐத் தாண்டியது. பீப்பாய் ஒன்றுகூடக் கூடாமலே நைராக் கணக்கு மூன்று மடங்காகிவிடும்.

சரி, மொத்தத் தொகை வேண்டாம், விகிதம் போடலாம் என்றால் அங்கேயும் கவனம் வேண்டும். நைஜீரியா 2014இல் தன் உள்நாட்டு உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை 1990இலிருந்து 2010க்கு மாற்றியது. உற்பத்தி மதிப்பு ஒரே நாளில் ஏறக்குறைய 89 சதவீதம் உயர்ந்தது, தென்னாப்பிரிக்காவை முந்தியது. உற்பத்தியில் ஏற்றுமதியின் பங்கு கிட்டத்தட்டப் பாதியானது. பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒரே வரைபடத்தில் இருந்தால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். மக்கள்தொகையால் வகுத்தால் போட்ஸ்வானா மேலே வரும், நைஜீரியா கீழே போகும். போட்ஸ்வானா முழுவதிலும் 2022 கணக்கெடுப்பில் 24 லட்சம் பேர்கூட இல்லை. 2011இல், தென்காசி பிரியாத நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே 30 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். 20 கோடிக்கு மேல் மக்கள் உள்ள நைஜீரியாவுக்கு உள்நாட்டுச் சந்தையே பெரிது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த விகிதத்துக்கு அர்த்தம் வரும்.

சேவையை விட்டுவிடாதீர்கள். சூயஸ் கால்வாய்க் கட்டணம் எகிப்தின் சரக்கு ஏற்றுமதிப் பட்டியலில் இருக்காது. மொரீசியஸின் சுற்றுலா வருமானமும் அப்படித்தான்.

கடைசியாக, வரைபடம் மாறியதை மறந்துவிடுவது. 2011 ஜூலையில் தெற்கு சூடான் தனி நாடானது. பழைய சூடானின் எண்ணெய் உற்பத்தியில் முக்கால் பங்கு அதனோடு போயிற்று. 2010இன் சூடானையும் 2012இன் சூடானையும் ஒரே நாடாக வைத்து ஏற்றுமதி சரிந்தது என்று எழுதுவது, 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்ததைச் சொல்லாமல் திருநெல்வேலி மாவட்டத்தின் துறைமுக வருமானம் மறைந்துபோனது என்று எழுதுவது போல. தெற்கு சூடானுக்குக் கடற்கரை கிடையாது. அதன் எண்ணெய் இன்றைக்கும் சூடான் வழியாகக் குழாயில் போய், செங்கடல் ஓரத்துப் போர்ட் சூடானில்தான் கப்பல் ஏறுகிறது. ஆகவே ஒப்பீட்டில் 2011க்கு நேராக ஒரு கோடு போட்டு, அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு ஒருங்கிணைந்த சூடான் என்றும், பிந்தைய ஆண்டுகளுக்கு இரண்டு நாடுகளையும் தனித்தனி வரிசையாகவும் எழுதுங்கள். குழாய் வழியே வரும் தெற்கின் எண்ணெய் சூடான் கணக்கில் இரண்டாம் முறை ஏறியிருக்கிறதா என்பதையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.